மாப்பிள்ளை வண்டிக்கு ஊத்துன தொண்ணூத்தேழு

முதலாளி என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார். பெட்ரோல் ஊத்துற இந்த எண்ணெய் நிலையத்துக்குப் புதுசா வேலைக்கு வந்திருக்கிற உங்க ஏழு பேருக்கும் ஏதாச்சும் உருப்படியா சொல்லிட்டுப் போன்னார். நான் பத்து நிமிஷத்துல பேசி முடிச்சு இந்தச் செமோர் வட்டாரத்துல யாரும் பார்த்ததில்ல. அதனால நாற்காலியை இழுத்துப் போட்டு நல்லா உக்காருங்க. சிரிப்பு வந்தா சிரிங்க. ஆனா என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கணும், நான் போனப்புறம் இல்ல.

ஓய்வு வாங்கி மூணு மாசம் ஆச்சு. வீட்டுல சும்மா உக்கார முடியல. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் காரோட எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்துக்கிட்டு நின்னேன். அவர் சன்னல்லேர்ந்து, "அக்கா, என்ன தேடுறீங்க?"ங்கிறார். என்னத்தைச் சொல்ல? "சும்மா லா, நலமான்னு பார்த்தேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பம்பை எப்படிப் பிடிக்கிறது, மீட்டரை எப்படிப் படிக்கிறது, அதெல்லாம் உங்க சூப்பர்வைசர் காட்டுவார். அது ரெண்டு நாள் வேலை. மஞ்சள் கைப்பிடி தொண்ணூத்தஞ்சு, சாதாப் பெட்ரோல். பச்சைக் கைப்பிடி தொண்ணூத்தேழு, விலை கூடின பெட்ரோல். கறுப்பு டீசல். இதுல என்ன பெரிய கஷ்டம்னு இப்ப உங்களுக்குத் தோணும். எனக்கும் பதினெட்டு வருஷம் அப்படித்தான் தோணுச்சு. பத்தொன்பதாவது வருஷத்துல ஒரு கல்யாண மாப்பிள்ளை வந்தான்.

அதுக்கு முன்னாடி நம்ம முதலாளியைப் பத்தி ஒரு வார்த்தை. எஸ்டேட் மளிகைக் கடையில பிறந்து வளர்ந்த சீனர். நம்மளைவிடச் சுத்தமா தமிழ்ல திட்டுவார், நீங்க இனிமேதான் கேக்கப் போறீங்க. மாப்பிள்ளை வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி, செம்பனைத் தோட்டத்துல புல்லு வெட்டுற ஒருத்தர் கேன் கொண்டுவந்தார். நான் பேச்சு சுவாரசியத்துல பெட்ரோலுக்குப் பதிலா டீசலைப் பிடிச்சுக் கொடுத்துட்டேன். அவரு மெஷின் புகை கக்குன கக்குல, தோட்டத்துல தீ பிடிச்சுருச்சுன்னு மூணு பேர் வாளியோட ஓடிவந்தாங்களாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஊத்துன, நேரா வீட்டுக்குப் போலாம்"னு சொல்லிட்டார். விளையாட்டுக்குச் சொல்லல. புருஷன் இல்லாம ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வெச்சுக்கிட்டிருந்த நேரம் அது. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கல.

சரி, மாப்பிள்ளைக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை காலையில எட்டேகால் இருக்கும். சாமந்தியும் ரோசாவும் தோரணம் கட்டின ஒரு பெரிய கறுப்பு ஃபோர்வீல் வண்டி பம்புக்கிட்ட வந்து நின்னுச்சு. கண்ணாடி, கதவு, சக்கரம்னு விடாம சந்தனம் குங்குமம். வண்டிக்கே கல்யாணம்னு சொன்னாலும் நம்பியிருப்பேன். பின்சீட்டுல மாப்பிள்ளை, பட்டு வேட்டி, தலைப்பா, மாலை, எல்லாம் ஜோரா. ஓட்டிக்கிட்டு வந்தவர் மாப்பிள்ளையோட அக்கா புருஷன், அவனுக்கு அத்தான். வண்டி அவரோடது இல்ல. அவர் வேலை செய்யுற கம்பெனி பாஸ் கல்யாணத்துக்காகக் கொடுத்துவிட்டது.

அத்தான் இறங்கிப் பம்பைப் பிடிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். "அண்ணே, கல்யாணத்துக்குப் போற கையில எண்ணெய் வாடை அடிக்கக் கூடாது. நீங்க போய் உக்காருங்க, நான் ஊத்துறேன்"னேன். நம்ம கடையில வாடிக்கையாளரே ஊத்திக்கிறதுதான் வழக்கம், யாரும் என்னைக் கேக்கல. நானா போய் வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

"அக்கா, பச்சை போடுங்க, ஃபுல் டேங்க்"னார் அத்தான். "இன்னிக்கு மாப்பிள்ளை வண்டி லா. தொண்ணூத்தஞ்சு எல்லாம் மத்த நாளைக்கு."

நம்ம ஆளுங்க பழக்கம் இது. தீபாவளிக்குப் பிள்ளைக்குப் புதுச்சட்டை, வண்டிக்குத் தொண்ணூத்தேழு. விலை கூடினது நல்லது, நல்ல நாளுக்கு நல்லது போடணும். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. அந்த மாதிரி வண்டி பெட்ரோல்லயும் வருது, டீசல்லயும் வருது. எதுன்னு மூடிக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அங்க நான் பார்த்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். மூடியைத் திறந்தா உள்பக்கமும் எழுதியிருக்கும். நான் உள்பக்கம் பார்க்கல. மாப்பிள்ளையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவன் ஒரு மஞ்சக் கயித்தை சீட் பெல்ட்டுல சுத்தி முடிச்சுப் போட்டுப் பழகிக்கிட்டிருந்தான். ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு, மூணாவது அவிழ்ந்துரும். மறுபடி முதல்லேர்ந்து.

"என்ன தம்பி, கை நடுங்குதா?"

"ஆமாக்கா. எல்லாரும் பார்ப்பாங்க இல்ல?"

"யாரும் கையைப் பார்க்க மாட்டாங்க. எல்லாரும் அட்சதையை எப்ப போடுறதுன்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க"ன்னேன். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். பச்சைக் கைப்பிடி அது பாட்டுக்கு ஊத்திக்கிட்டிருந்துச்சு.

இங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. டீசல் கைப்பிடியோட மூக்கு பெருசு, பெட்ரோல் வண்டி வாய்க்குள்ள லேசுல நுழையாது. ஆனா பெட்ரோல் மூக்கு சிறுசு. டீசல் வண்டிக்குள்ள எந்தத் தடையும் இல்லாம ஜம்முனு போயிரும். நுழைஞ்சதுனால சரின்னு நினைச்சுக்காதீங்க.

டேங்க் நிறைஞ்சு கைப்பிடி டக்குன்னு நின்னுச்சு. மாட்டிட்டு மூடியைச் சாத்தினேன். என் கை பட்டு சந்தனம் இழுவிருச்சு. அடடா, மங்கள வண்டியை அழுக்காக்கிட்டமேன்னு இடுப்புத் துணியை எடுத்துத் துடைச்சேன். சந்தனத்துக்கு அடியிலேர்ந்து எழுத்து எழுத்தா எந்திரிச்சு வந்துச்சு, டீசல்னு.

அலாமாக்! டீசல் வண்டிக்குள்ள டேங்க் பூரா பெட்ரோல்!

அதே நேரம் அத்தான் சாவியை நுழைச்சுட்டார். திருப்பணும், அவ்வளவுதான். மூணு நாலு விநாடி இருந்திருக்கும். அந்த நாலு விநாடியில என் மண்டையில என்ன ஓடுச்சுன்னு மறைக்காம சொல்றேன். பேசாம விட்டா என்ன? வண்டி கொஞ்ச தூரம் போகும், எங்கேயோ ரோட்டோரம் இருமிட்டு நிக்கும். யார் ஊத்துனதுன்னு யாருக்குத் தெரியும்? பச்சைதான் வேணும்னு கேட்டது அவருதானே? மூணு வாரத்துல ரெண்டாவது தப்பு, முதலாளிக்குத் தெரிஞ்சா என் பிள்ளைங்க பள்ளிக்கூடம் என்னாகும்? இதெல்லாம் ஓடுச்சு. உங்களுக்கும் ஒரு நாள் ஓடும். ஓடுறது தப்பில்ல.

நான் நிமிந்தப்ப மாப்பிள்ளை மூணாவது முடிச்சைப் போட்டுட்டான். போட்டுட்டு, கயித்தைத் தூக்கிக் காட்டி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாருங்க. இவனை ரோட்டுல நிறுத்துறதுக்கு நான் பேசாம இருக்கணுமா?

அண்ணேன்னு கூப்பிட்ட அதே வாய், "யோவ்! திருப்பாதே!"ன்னு கத்துச்சு. ஓடிப்போய் சன்னல் வழியா கையை விட்டு அத்தான் மணிக்கட்டுல பளார்னு ஒண்ணு விட்டேன். அவர் பயந்துபோய் கையை எடுத்தார். நான் சாவியை உருவி சட்டைப்பையில போட்டுட்டேன்.

"என்னக்கா, கொள்ளையா?"ங்கிறார் மனுஷன்.

"டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஊத்திட்டேன். தப்பு என்னோடது, பார்க்காம ஊத்திட்டேன். எஞ்சினை மட்டும் தொடாதீங்க. ஓடாத வரைக்கும் டேங்க்குல கிடக்கும், உறிஞ்சி எடுத்துரலாம். ஓட விட்டா பம்பு, குழாய்னு எல்லா இடத்துக்கும் போய் எஞ்சினே கெட்டுரும்."

அத்தான் இறங்கி வந்து மூடியைப் பார்த்தார். அவர் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. அந்தப் பொட்டை வெச்சது அவரேதான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. "வண்டி பாஸோடது அக்கா, பாஸோடது அக்கா"ன்னு ரெண்டு தடவை சொன்னார். மாப்பிள்ளை தலையை வெளிய நீட்டி, "அத்தான், ஒன்பதேகாலுக்கு ஈப்போ கோயில்ல முகூர்த்தம்"னான், என்னமோ எங்களுக்கு மறந்துபோன மாதிரி.

பம்புக்கிட்ட ஃபோனை எடுக்கக் கூடாது, அது தெரியுமில்ல? கடைக்குள்ள ஓடி முதலாளியைக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எஞ்சின் ஓடுச்சா?"

"இல்ல முதலாளி."

"அப்ப மெக்கானிக்கை நான் அனுப்புறேன். நீ மாப்பிள்ளையைக் கோயில்ல கொண்டுபோய் விடு. அதுக்கப்புறம் வந்து திட்டு வாங்கிக்கோ."

வண்டியைச் சுத்தி ஆரஞ்சுக் கூம்பு வெச்சோம். சொந்தக்காரங்க பஸ் முன்னாடியே கோயிலுக்குப் போயிருச்சு, மேளச் சத்தத்துல அங்க ஒருத்தரும் ஃபோனை எடுக்கல. ஃபோன்ல வாடகைக் கார் தேடினா, இருபத்தஞ்சு நிமிஷம்னு காட்டுது. அப்ப மிச்சம் இருந்தது என்னோட குட்டிக் கார் ஒண்ணுதான். கதவு ஒண்ணு வேற கலரு, ஏர்கான் செத்து ரெண்டு வருஷம். முன்சீட்டுல மாப்பிள்ளையை மடிச்சு வெச்சேன். தலைப்பா கூரையில முட்டி ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. பின்னால அத்தான், மடியில தாலித் தட்டு. சாவியைத் திருப்பினேன். கர்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், அதே கர்தான், எஞ்சின் பிடிக்கல.

எண்ணெய்! என் வண்டியில சொட்டு எண்ணெய் இல்ல! மீட்டர் முள்ளு கெட்டுப்போய் ஒரு வருஷமா பாதியிலயே நிக்கும். இன்னிக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு விட்டிருக்கேன். ஊருக்கெல்லாம் ஊத்துறவ வண்டி எண்ணெய் நிலையத்துக்குள்ளயே எண்ணெய் இல்லாம நிக்குது. மாப்பிள்ளைக்கு முதல்ல தோள் குலுங்குச்சு. அழுறானோன்னு பதறிட்டேன். பார்த்தா சிரிக்கிறான், கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிறான். எனக்கும் தொத்திக்கிச்சு. சிரிச்சுக்கிட்டே மூணு பேரும் இறங்கி, பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டின மாப்பிள்ளையோட சேர்ந்து வண்டியைப் பம்பு வரைக்கும் தள்ளினோம். சுத்தி நின்னவங்க வீடியோ எடுத்தாங்க. அது இன்னும் எங்கேயோ சுத்திக்கிட்டிருக்கு, என் மகளே எனக்கு அனுப்பினா.

நான் மஞ்சளை எடுத்தேன். அத்தான் வாயைத் திறந்தார். "அக்கா, மாப்பிள்ளை உக்காந்திருக்கான், பச்சையே..."

நான் பார்த்த பார்வையில தட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்சீட்டுக்குப் போயிட்டார்.

ஆனா வாயை மூடினாரா? ஈப்போ ரோடு பூரா பின்னாலேர்ந்து, "பச்சை போட்டிருந்தா இன்னும் வேகமா போகும்"னு ஒரே புலம்பல். மாப்பிள்ளை கேட்டான், "அக்கா, உண்மையிலேயே அந்த நம்பருக்கு என்னதான் அர்த்தம்?"

சன்னல் வழியா காத்து அடிச்சு அவன் மாலை இதழ் இதழா பறந்துக்கிட்டிருந்துச்சு. நான் காத்துக்கு மேல கத்திச் சொன்னேன். "எஞ்சினுக்குள்ள பெட்ரோல் அதோட நேரம் வந்தாத்தான் வெடிக்கணும், முன்னாடியே வெடிச்சா எஞ்சின் தட்டும். அதுவரைக்கும் தாங்குற பொறுமைக்குப் போடுற நம்பர்தான் தொண்ணூத்தஞ்சும் தொண்ணூத்தேழும். அதிகப் பொறுமை வேணும்னு சில எஞ்சின் கேக்கும், அதுக்கு அதைப் போடணும். தொண்ணூத்தஞ்சு போதும்னு எழுதியிருக்கிற எஞ்சினுக்குத் தொண்ணூத்தேழு போட்டா இறக்கை முளைக்காது தம்பி. அந்தப் பொறுமையை உங்க அத்தானுக்கு அளந்தா அறுபதுகூடத் தேறாது!"

"அக்கா, நான் பின்னாலதான் உக்காந்திருக்கேன்"னார் அத்தான்.

ஈப்போவுக்குள்ள நுழைஞ்சா வண்டி நகரல. ஞாயித்துக்கிழமை, கோலாலம்பூர்க்காரங்க எல்லாரும் காப்பி குடிக்க இங்க வந்து வரிசை கட்டி நிக்கிற நாள். ஒன்பது மணி, ஒன்பது அஞ்சு. மாப்பிள்ளை சிரிப்பு நின்னு மறுபடி கயித்தை முறுக்க ஆரம்பிச்சுட்டான். என்னால ஒரு பொண்ணு மணவறையில காத்துக்கிட்டிருக்காளேன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. தலையை வெளிய நீட்டி, "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!"ன்னு கூப்பாடு போட்டேன். முன்னால போன வேன்காரர் திரும்பிப் பார்த்தார், தலைப்பாவைப் பார்த்தார், ஒதுங்கினார். அவர் ஹாரன் அடிக்க, அதுக்கு முன்னால இருந்தவரும் ஒதுங்கினார். சீனரு, மலாய்க்காரரு, எல்லாரும் கையை ஆட்டி வழி விட்டாங்க. நான் அழுதுக்கிட்டே ஓட்டினேன், அதை ஒத்துக்கிறதுல எனக்கு வெக்கமில்ல.

ஒன்பது பன்னண்டுக்குக் கோயில் வாசல். ஆரத்தித் தட்டோட பொண்ணு வீட்டுக்காரங்க நிக்கிறாங்க. அவங்களுக்கு முன்னால, கையைக் கட்டிக்கிட்டு, தன்னோட கறுப்பு வண்டி வரும்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டு அந்த பாஸ் நிக்கிறார். ரெண்டு கலருக் காரு வந்து நிக்குது, யூனிஃபார்ம் போட்ட நான் இறங்குறேன்.

"வண்டி எங்க?"ன்னார்.

நான் முந்திக்கிட்டேன். "எங்க நிலையத்துல நிக்குது சார். நான்தான் மூடியைப் பார்க்காம பெட்ரோல் ஊத்திட்டேன்."

பின்கதவு திறந்துச்சு. அத்தான் தட்டோட இறங்கினார். பேசாம இருந்திருக்கலாம், பழியை நான்தான் தலையில தூக்கி வெச்சுக்கிட்டேனே. "இல்ல பாஸ்"னார். "தொண்ணூத்தேழு கேட்டது நான்தான். ஸ்டிக்கர் மேல பொட்டு வெச்சதும் நான்தான். அக்கா மேல தப்பில்ல."

அந்த நேரம் அந்த மனுஷனைக் கட்டிப்பிடிச்சிருப்பேன், நடுவுல தட்டு இல்லாட்டி.

பாஸ் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "எஞ்சின் ஓடுச்சா?"

வண்டி தெரிஞ்சவங்க எல்லாரும் கேக்குற கேள்வி அது ஒண்ணுதான். நான் சட்டைப்பையிலேர்ந்து சாவியை எடுத்து அவர் கையில வெச்சேன். அவர் சாவியைப் பார்த்தார், சாஞ்சிருந்த தலைப்பாவைப் பார்த்தார், முக்கால்வாசி பூ உதிர்ந்த மாலையைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. "அப்புறம் என்னத்துக்கு இங்க நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க? நேரமாச்சு லா, உள்ள போங்க!"

ஆரத்தி எடுத்த அம்மா மாப்பிள்ளைக்குப் பொட்டு வெச்சாங்க. அத்தானுக்கு வெச்சாங்க, எனக்கும் வெச்சாங்க. பாவம் இந்தக் காரும் கூட வந்துச்சேன்னு குங்குமத்தோட என் கார் பக்கம் போய், நேரா எண்ணெய் மூடிக்கு மேல கையைக் கொண்டுபோனாங்க.

"அங்க வேணாம்மா!" நானும் அத்தானும் மாப்பிள்ளையும் ஒரே குரல்ல கத்தினோம். மேளக்காரர் ஒரு நிமிஷம் வாசிப்பை நிறுத்திட்டார்.

முடிச்சு மூணும் விழுந்துச்சு. அவிழல. நான் தூணுக்குப் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தப்ப மெக்கானிக் டேங்கைக் காலி பண்ணி முடிச்சிருந்தார், வண்டிக்கு ஒண்ணும் ஆகல. முதலாளி சொன்ன மாதிரியே திட்டினார், முக்கால் மணி நேரம், ஒரு வார்த்தை திருப்பி வராம. முடிச்சுட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்டார். நான் ஆறு மணிக்குன்னேன். அவ்வளவுதான் பேச்சு.

எல்லாரும் தப்பு பண்ணுவீங்க. கை பச்சைக்குப் பதிலா கறுப்புக்குப் போகும், கறுப்புக்குப் பதிலா மஞ்சளுக்குப் போகும். போயிட்டா, சாவி திரும்புறதுக்கு முன்னாடி கத்துங்க. வெக்கப்படுறதுக்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கு.

என் கடைசி வேலை நாளன்னிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து மஞ்சள் பம்புல நின்னுச்சு. அந்த மாப்பிள்ளையும் அவன் பொண்டாட்டியும், மடியில ஒரு குட்டிப் பயல். பின்சீட்டுல அத்தான். புதுக் காருக்குப் பூசை போட்டுட்டு நேரா என்கிட்டதான் வந்திருக்காங்க. கண்ணாடி, கதவு, நாலு சக்கரம்னு எல்லா இடத்துலயும் பொட்டு. எண்ணெய் மூடி மட்டும் பளிச்சுனு சுத்தமா இருந்துச்சு. திறந்தா, உள்பக்கம் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, அந்தப் பொண்ணு கையெழுத்துல கொட்டை எழுத்துல எழுதியிருக்கு: "95 மட்டும். அத்தானைக் கேக்காதீங்க."

சிரிச்சு முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் இடுப்புத் துணியை எடுத்து, பளிச்சுனு இருந்த அந்த மூடியை வெளியேயும் ஒரு தடவை துடைச்சுப் பார்த்துட்டுத்தான் ஊத்தினேன்.